நன்மை செய்தலிற் சோர்வு

கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இறுதி அதிகாரத்திலே, நன்மை செய்வதிற் சோர்வடையலாகாதென்று பவுல் அறிவுறுத்துகின்றார். தளராதிருப்போர் ஏற்ற காலத்தில் அறுவடை காண்பர் என்பது அவர் காட்டும் காரணம். அறிவுரை தெளிவானது, காரணமே நம்மைத் தடுத்து நிறுத்துகின்றது. அறுவடையை எண்ணி நன்மை செய்பவன் கமக்காரனை ஒத்தவனா, அன்றி வட்டிக்குப் பணங்கொடுப்பவனை ஒத்தவனா? அறுவடை வாராதொழியின் அவன் தன் பணியைத் தொடர்வதற்கு ஆதாரம் யாது?

இவ்வினாவை வெறுங் கருத்துலகில் வைத்து ஆராய்வதிலும், நம் மண்ணில் நிகழ்ந்த ஒரு வாழ்க்கையை வைத்து நோக்குவது பயனுடைத்து. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு, தமது இருபத்தைந்தாவது வயதில், யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டே மாணவர் சிலருக்கு மேலைத்தேய வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். (அதே 1848இல், அவர் பிறந்த 1822ஆம் ஆண்டிலேயே பிறந்தவரான ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார் என்பது நினைக்குந்தோறும் சுவை பயப்பது.) 1857இல் தாயகம் சென்று, 1862இல் மீண்டு, 1873வரை மானிப்பாயிற் பணிபுரிந்தார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர்.

தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலம் கைவந்த மாணவர் அரசாங்க உத்தியோகத்தை நாடி அகன்றனர். கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தான். இந்நிலையிற் பிறிதொருவர் பணியைக் கைவிட்டிருத்தல் கூடும். அன்றேல் பழைய வழியிலேயே பிடிவாதமாகச் சென்றிருத்தல் கூடும். கிறீன் இரண்டையும் செய்திலர். தமது இரண்டாம் பணிக்காலத்திற் கல்வியைத் தமிழுக்கு மாற்றினார். அதற்கு வேண்டிய நூல்களைத் தம் மாணவரின் துணையுடன் ஆக்கினார். 'இரணவைத்தியம்' 1867இலும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் வெளிவந்தன. முதலிலே தமிழ்ச் சொல், அஃதின்றேல் வடசொல், அதுவும் இன்றேல் தமிழோசைக்கு இசைத்த ஆங்கிலச் சொல் என்பது அவர் கைக்கொண்ட முறை. அகராதியோடு மல்லுக்கட்டும் அவ்வுழைப்பை எந்நோயாளியும் கண்டு நன்றி கூறியிரான். சோர்வுறாமை என்பதை வெறுஞ் சகிப்பாகக் கருதுவது எத்துணைப் பிழையென இங்கே உணர்கின்றோம். தோல்வியிலிருந்து கற்று வழியை மாற்றிக்கொள்வதும் அதன்பாற் பட்டதே.

இனி, எழக்கூடிய தடையொன்று உண்டு. அவர் மதம் பரப்ப வந்தவரல்லரா? வைத்தியம் தூண்டிலில் மாட்டிய இரையன்றோ? மனிதனை ஒருபோதும் வெறுஞ் சாதனமாகக் கொள்ளற்க என்னும் கான்டின் கோட்பாட்டைக் கற்றவர் இத்தடையை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. கிறீனும் தம் நோக்கத்தை மறைத்தவரல்லர். சுவிசேஷத்தை அறிவிப்பதே தம் அழைப்பென நம்பியவர். ஆயினும், மீன் படாத துறையில் தூண்டிற்காரன் இரையை வீணாக்குவதில்லை. மானிப்பாய்க்கு வந்த நோயாளிகளுட் பெரும்பாலோர் சைவராகவே வந்து, சைவராகவே சுகமடைந்து சென்றனர். அவர்களுக்கு மருந்து மறுக்கப்படவில்லை. அவர் நம்பிக்கையோடு பணிசெய்தார். அந்நம்பிக்கை நிறைவேறுவதைப் பணிக்கு நிபந்தனையாக்கவில்லை. தடை முற்றாக நீங்கிவிட்டதென நான் கூறேன். எனினும் நிபந்தனையும் நம்பிக்கையும் வேறுவேறென்பதை ஒப்புக்கொள்ளாமல் இத்தகைய வாழ்க்கையை விளங்கிக்கொள்ள முடியாது.

பவுல் கூறிய 'ஏற்ற காலம்' என்பதன் பொருளும் இங்கேதான் துலங்குகின்றது. வட்டிக்காரன் தவணையைத் தானே குறிக்கின்றான். கமக்காரன் மழையின் நாளைக் குறிப்பவனல்லன். விசுவாசி காலத்தை இறைவனிடம் விட்டுவிடுகின்றான். ஆதலின் கணக்குப் பார்க்கும் பாரம் அவனை விட்டு அகலுகின்றது. விசுவாசம் கிரியையிலே தோன்றவேண்டுமென யாக்கோபு வற்புறுத்தியதும் இதனோடு முரண்படுவதன்று. பயன் கருதாத கருமத்தைக் கீதையும் போதிக்கின்றதே, இதிற் கிறிஸ்தவத்துக்குத் தனியுரிமை யாதென வினவின், தனியுரிமை கோருவது என் நோக்கமன்று என்பதே என் விடை.

கிறீன் எதிர்பார்த்த அறுவடை பெரும்பாலும் வந்திலது. யாழ்ப்பாணம் கிறிஸ்தவ நாடாகவில்லை. 1870இற் கொழும்பிலே தொடங்கிய அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தையே கொண்டது. தமிழில் வைத்தியம் கற்பிக்கும் முயற்சி அவருக்குப் பின் தேய்ந்து மறைந்தது. ஆயினும் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் வெளிவந்தது 1875இல், அவர் இந்நாட்டை விட்டகன்று ஈராண்டு கழிந்த பின்னர். அமெரிக்காவிலிருந்தும் அவர் தமிழ் நூற்பணியை விட்டாரல்லர். 1884இல் இறந்தபோது, தமிழருக்கு வைத்திய ஊழியராயிருந்தவர் என்பதைத் தம் கல்லறையிற் பொறிக்குமாறு விரும்பியிருந்தார். அக்கல் நிற்பது மசாசுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில்.