ஆட்டுக்கறி என்று சொன்ன வாய்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்த காலம். ஆவடியிலிருந்து ரயிலில் போவேன். ஞாயிறு ஆக்கிய கறி திங்கட்கிழமை டப்பாவில், சோற்றுக்கு அடியில் இருக்கும். "யாராச்சும் கேட்டா ஆட்டுக்கறின்னு சொல்லிடு கண்ணு" என்பாங்க அம்மா. கேட்டார்கள். சொன்னேன். ஆனாலும் சூப்பர்வைசர் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்த வாரம் இயந்திரம் பொருத்த ஜெர்மனியிலிருந்து ஓர் இன்ஜினீயர் வந்தார். பேச்சு சாப்பாட்டுக்குத் திரும்பியது. அவர் ஊரில் 'சவர்பிராட்டன்' என்று ஒன்று. மாட்டுக்கறியைக் காடியில் வெங்காயம், கிராம்பு, பிரிஞ்சி இலையோடு நாள்கணக்கில் ஊறப்போட்டு, மூடிய பாத்திரத்தில் மணிக்கணக்காக வேகவிடுவார்களாம். முரட்டுக்கறி அப்போதுதான் மெத்தென்று ஆகுமாம். இதை எங்களுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னவர் அதே சூப்பர்வைசர்தான். "அவங்க பாரம்பரியச் சமையல்" என்றார். மூக்கு சுளியவில்லை.

எங்க அம்மா செய்தது வேறென்ன? தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக 10 வயது கடந்து, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டைத்தான் அறுக்கலாம். ஏர் இழுத்து, வண்டி இழுத்து இறுகிய தசை எங்கள் பங்கு. அதைப் பப்பாளிக்காய்த் துண்டும் கொட்டாங்கச்சியும் போட்டு, விறகடுப்பின் முன்னால் பொழுதெல்லாம் உட்கார்ந்து மிருதுவாக்கினாங்க. ரெண்டு சமையலுக்கும் ஒரே அறிவு. ஒன்றுக்குப் பாரம்பரியம் என்று பேர், இன்னொன்றுக்குத் தீட்டு என்று பேர். அப்படியானால் தீட்டு கறியில் இல்லை, தின்பவன் பிறப்பில் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. மாட்டுக்கறி உண்பதற்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை அம்பேத்கர் 1948லேயே நூலாக எழுதிவிட்டார். 2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிக்கு இடமில்லை என்றது மாவட்ட நிர்வாகம். எதிர்ப்பு எழுந்தது, விழா தள்ளிப்போனது. பட்டறையின் மூக்குதான் ஆட்சியர் அலுவலகத்திலும்.

நான் சொன்ன பொய் குற்றமா? வேலைக்காக, வாடகை வீட்டுக்காகப் பொய் சொன்னவனை மட்டும் கூண்டில் ஏற்றுகிற அறம் ஆண்டைகளின் அறம். அதை ஏற்க மாட்டேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது. "ஆட்டுக்கறி" என்ற ஒரு சொல்லில், அடுப்பின் முன்னால் அம்மா இருந்த அந்தப் பகல் முழுவதையும் இல்லையென்று ஆக்கிவிட்டேன்.

இன்று என் மகள் வேலைக்குப் போகிறாள். "கேட்டா மாட்டுக்கறின்னே சொல்லு" என்று சொல்ல வாய் வருகிறது. சொன்ன பிறகு அவளோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடப்போவது யார்? தோழர்களே, பதில் சொல்ல வேண்டியது அவள் இல்லை.