முதியோர் பொருட்டுப் பேசுதலும் வையாவிருத்தியமே



சதுர்த்தசி நாளில் ஜினாலயத்தில் கூடும்போது நம் கண்ணில் படும் காட்சி ஒன்று உண்டு. முன்னே அமர்ந்து தோத்திரம் ஓதுவோரில் பலர் எழுபது வயதைக் கடந்தவர்கள். திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி, ஆரணிப் பகுதிகளில் உள்ள நம் ஊர்களில் பெற்றோர் இருக்க, பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனர். கடலூர், சிதம்பரம் போன்ற நகரங்களில் பணியின் பொருட்டுக் குடியேறி, ஓய்வுக்குப் பின் அங்கேயே தனித்துத் தங்கிவிட்டோரும் உளர். திங்கள்தோறும் பணம் அனுப்பினால் மைந்தர் கடமை நிறைவெய்தியது என்று நாம் எண்ணிவிடுகிறோம். பணம் வங்கிக்கு வந்துவிடும். அதனை எடுத்துவரத் துணை செல்பவர் யார்? மருத்துவர் கூறியதைக் கேட்டு மீண்டும் சொல்பவர் யார்? அலுவலகத்தில் தள்ளி நிறுத்தப்படும்போது முதியவர் பொருட்டு ஒரு சொல் சொல்பவர் யார்?

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் அகத்தவம் ஆறு என வகுத்தார். பிராயச்சித்தம், விநயம், வையாவிருத்தியம், சுவாத்தியாயம், வியுத்சர்க்கம், தியானம் என்பன அவை. நூல் ஓதுதலுக்கும் தியானத்திற்கும் முன்னதாகத் தொண்டு வைக்கப்பட்டிருப்பதை நாம் நோக்கவேண்டும். அத்தொண்டினைப் பெறுதற்குரியோர் பதின்மரைக் கூறுமிடத்து, நோயுற்றோரையும் அவர் விடாது சேர்த்தார். தீர்த்தங்கரத் தன்மைக்குக் காரணமாகும் பதினாறு பாவனைகளுள்ளும் வையாவிருத்தியம் ஒன்று. சமந்தபத்திர ஆசாரியரோ இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் இதனை இல்லறத்தார்க்குரிய சிட்சா விரதம் நான்கினுள் ஒன்றாகவே அமைத்தார். இந்நூல்கள் துறவியரையே முதன்மையாகக் கருதிப் பேசுகின்றன என்பது உண்மை. ஆயினும், உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுதலே உயிர்களின் இயல்பு என்று கூறியதும் அதே தத்துவார்த்த சூத்திரம்தான். தாய் தந்தையரிடத்தும் அண்டை வீட்டு முதியோரிடத்தும் பழகாத தொண்டு, முனிவர் வருங்காலத்தில் மட்டும் எங்கிருந்து வரும்?

அருவருப்பின்மை என்னும் அங்கத்திற்கு எடுத்துக்காட்டாக நம் ஆசாரியர் காட்டும் உத்தாயன மன்னன் வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். தேவன் ஒருவன் தொழுநோயுற்ற முனிவர் வடிவில் வந்து, அரசன் இட்ட உணவை உண்டு, அவன் மேலேயே கக்கினான். அரசன் முகஞ்சுளிக்கவில்லை. ஒவ்வாத உணவைத் தந்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டு தூய்மை செய்தான். இக்கதையைக் கேட்டு உருகும் நாம், படுக்கை நனைந்த பாட்டியின் அறைக்குள் நுழையத் தயங்குகிறோம். கதை கேட்டதன் பயன் அந்த அறை வாசலில்தான் அளக்கப்படும்.

கைத்தொண்டு மட்டுமே வையாவிருத்தியம் அன்று. குந்தகுந்த ஆசாரியர் பிரவசன சாரத்தில் நுட்பமான ஒரு விதியைக் கூறுகின்றார். துறவி உலகியலாரோடு வீண் பேச்சில் ஈடுபடலாகாது. ஆயினும் நோயுற்ற, முதிய, இளைய துறவியர்க்கும் குருவுக்கும் தொண்டு செய்தற்பொருட்டு உலகத்தாரோடு உரையாடுதல் இகழத்தக்கதன்று என்கிறார். பேசாமையைப் பெரிதெனக் கொண்ட நெறியே முதியோர் பொருட்டு வாய் திறக்க இடம் தருகிறது. அவ்வாறாயின், நாள் முழுதும் பேசும் இல்லறத்தார்க்கு இக்கடமை எத்துணை மிகுதி!

சிதம்பரத்தில் நாம் அறிந்த பெரியவர் ஒருவர் உளர். ஓய்வுபெற்ற எழுத்தர், தம் பெயர் அச்சேறுவதை விரும்பாதவர். பேனா, மை அட்டை, சில வெள்ளைத் தாள்கள் கொண்ட துணிப்பை ஒன்று அவர் தோளில் தொங்கும். தெருவிலுள்ள முதியோர்க்கு உதவித்தொகை விண்ணப்பம் எழுதுவார். வங்கிக்கு உடன் செல்வார். மருத்துவமனையில் வரிசையில் நின்று இடம் பிடித்துத் தருவார். எண்பது வயதுக் கைம்பெண் ஒருவருக்கு விரல் ரேகை தேய்ந்துபோயிற்று. ரேஷன் கடைக் கருவி அவரை அவர்தாம் என்று ஏற்கவில்லை. பெரியவர் அவரை அழைத்துக்கொண்டு மும்முறை அலுவலகம் சென்றார். மூன்றாம் முறை அலுவலர் கேள்விகளையெல்லாம் பெரியவரிடமே கேட்டார். அதற்கு அவர், "ஐயா, அம்மாவையே கேளுங்கள். குறை அவருடையது, நான் துணைக்கு வந்தவன்" என்றார். அம்மையார் தாமே பேசினார். காரியமும் முடிந்தது.

அந்த அம்மையாரின் வீட்டைப் பல ஆண்டுகள் நாமும் கடந்து சென்றதுண்டு. "நலமா அம்மா?" என்று கேட்டதுண்டு, விடைக்கு நின்றதில்லை.

முதியோர்க்காகப் பேசுவோரின் உயர்ந்த பணி, முதியோரைத் தாமே பேசச் செய்வது. கடலூர் மாவட்டமே இதற்குச் சான்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கடற்கரையை அழித்தது. படகும் வலையும் இழந்தோரைக் கணக்கெடுக்கும்போது, கடலுக்குச் செல்லும் வயதைக் கடந்தோர் எளிதில் விடுபட்டுவிடுவர். அந்நாளில் ஹெல்ப்ஏஜ் இந்தியா நிறுவனம் தமிழகக் கடலோரத்தில் முதியோர் சுயஉதவிக் குழுக்களை அமைத்தது. முதியோரே சேமித்து, தமக்குள் கடன் வழங்கி, தம் குறைகளைத் தாமே எடுத்துரைக்கும் குழுக்கள் இவை. ஆதரவற்றோர்க்கெனத் தாமரைக்குளம் என்னும் முதியோர் கிராமத்தையும் அந்நிறுவனம் இம்மாவட்டத்தில் நிறுவியது. அமெரிக்காவிலும் மேகி கூன் என்னும் அம்மையார், 65 வயதில் கட்டாய ஓய்வு தரப்பட்டபோது வீட்டில் முடங்காமல், 1970இல் முதியோரையும் இளைஞரையும் இணைத்து ஓர் இயக்கம் கண்டார். வயதைக் காரணங்காட்டி ஓய்வு தரும் முறை அந்நாட்டில் பெரும்பாலான பணிகளில் 1986இல் சட்டத்தால் நீங்கியது. அதற்காகக் குரல் கொடுத்தோருள் அவரும் ஒருவர்.

நம் நாட்டிலும் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் நிறைவேறிற்று. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பெற்றோரும், 60 வயது நிறைந்தோரும் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் பராமரிப்புக் கோரலாம். தாமே விண்ணப்பிக்க இயலாதோர், வேறொருவருக்கோ ஓர் அமைப்புக்கோ அதிகாரம் அளிக்கலாம். அந்த "வேறொருவர்" அண்டை வீட்டாராகவும் இருக்கலாம் என்பதை நாம் மறவாதிருப்போமாக. சொத்தினைப் பிள்ளைகட்கு எழுதிவைப்போர், தம்மைப் பேணவேண்டும் என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவுற எழுதுவித்தல் நலம். அந்நிபந்தனை மீறப்படின் பத்திரத்தைச் செல்லாததாக்கும் வழி இச்சட்டத்தின் 23ஆம் பிரிவில் உண்டு.

ஆயினும் வழக்கு முதற்படியாகிவிடலாகாது. நம்முடையது அநேகாந்த நெறி. மகன் தரப்பிலும் கடன், நோய், இடமின்மை ஆகியன இருக்கக்கூடும். மருமகள் ஒருத்தியே முழுச் சுமையையும் தாங்கிச் சோர்ந்திருக்கவும் கூடும். முதியோர்க்காகப் பேசுபவர் இருவரையும் அமரச் செய்து கேட்கவேண்டும். சட்டமும் விசாரணைக்கு முன் சமரச அலுவலரிடம் அனுப்ப இடம் தருகிறது. கேட்டபின்னும் நெஞ்சம் இளகாதவிடத்து, அஞ்சாது விண்ணப்பம் எழுதவேண்டும். பசித்திருக்கும் முதியவரைக் கண்டும் குடும்ப விவகாரம் என்று ஒதுங்குதல் அகிம்சை ஆகாது.

ஆகவே அன்பர்களே, வரும் சதுர்த்தசிக்குள் ஒன்று செய்வோம். ஒவ்வோர் ஊர் ஜினாலயத்திலும் தனித்து வாழும் முதியோர் பெயர்களை எழுதுவோம். இரண்டு இளைஞர்களும் ஓய்வுபெற்ற ஒருவரும் அவ்வீடுகளுக்கு வாரம் ஒருமுறை செல்லட்டும். 14567 என்னும் முதியோர் உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி அவர்கள் வீட்டுச் சுவரில் ஒட்டட்டும். "நலமா?" என்று கேட்டபின், அமர்ந்து விடையையும் கேட்கட்டும்.

மூப்பு நம் எல்லார் வாயிலுக்கும் வரும். அன்று நம் கை நடுங்கும், சொல் குழறும். அப்போது நம் அருகில் நின்று, "அவரையே கேளுங்கள்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக இன்று நாம் இருப்போமாக.

அறம் வளர்க!