பிள்ளையின் மௌனம் பொறுமையாகுமா?

துன்பம் யாவர்க்கும் பொது. அதனைச் சொல்லும் உரிமையோ யாவர்க்கும் பொதுவாக வாய்ப்பதில்லை. பெற்றோர் மணவிலக்குப் பெறும்போதும் மறுமணம் புரியும்போதும் அவர்தம் பிள்ளைகள் பெரிதும் இவ்வுரிமையற்றோராகவே இருந்துவிடுகின்றனர். இம்மௌனத்தைப் பெரியோர் 'சபுர்' எனப் போற்றுவதுமுண்டு. அது பொறுமையா, அன்றிப் பிள்ளைமீது சுமத்தப்பட்ட பாரமா என்பது ஆராயற்பாலது.

காத்தான்குடியின் குடும்ப அமைப்பு இவ்வினாவுக்குத் தனித்தன்மை அளிக்கின்றது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே பெண்ணுக்கு வீடு சீதனமாக வழங்கப்படுதலும், கணவன் அவ்வீட்டிற் சென்று வாழ்தலும் நெடுங்கால வழக்கங்கள். ஆதலின் மணமுறிவின்போது வீட்டைவிட்டு நீங்குபவர் பெரும்பாலும் வாப்பாவே. பிள்ளைக்கு வீடு மாறுவதில்லை, பாடசாலை மாறுவதில்லை, உம்மாவும் உம்மம்மாவும் உடனிருக்கின்றனர். புறத்தே ஒன்றும் மாறாமையால் அகத்தேயும் ஒன்றும் மாறவில்லையெனப் பெரியோர் எளிதில் முடிவுசெய்கின்றனர். ஆனால், வாப்பா அமர்ந்த இடம் வெறுமையுறுகின்றது. பின்னர் அங்கு வேறொருவர் வந்து அமர்கின்றார். அவரை எவ்வாறு அழைக்க விரும்புகின்றாய் எனப் பிள்ளையிடம் கேட்பார் அரியர். வாப்பாவோ சில ஒழுங்கைகளுக்கு அப்பால் மற்றொரு குடும்பத்தில் வாழ்தல் கூடும். கடைத்தெருவில் அவர் எதிர்ப்படுங்கால் ஓடிச்சென்று கைபற்றுவதா, ஒதுங்கி நிற்பதா என்பதைப் பிள்ளை தனித்தே தீர்மானிக்க வேண்டியுள்ளது.

இறப்பின் துயருக்கு ஊர் கூடுகின்றது. 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் கொல்லப்பட்டபோது தந்தையரை இழந்த பிள்ளைகளின் துயரை ஊர் தன் துயராக ஏற்றது, ஆண்டுதோறும் நினைவுகூருகின்றது. மணமுறிவால் வரும் பிரிவுக்கு அத்தகைய நாளில்லை. உயிரோடிருப்பவருக்காக அழுவது முறையோ என்ற ஐயத்தினாலேயே பிள்ளை வாய்மூடுகின்றது.

சட்டமும் இங்கு முழுத்துணை செய்வதில்லை. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், கணவன் தலாக் கூற முற்படுமிடத்து உறவினர், பெரியோர், ஊரிற் செல்வாக்குடையோர் ஆகியோரின் துணையுடன் காதி இணக்கம் காண முயலவேண்டுமென வகுத்துள்ளது. அவ்வரிசையிற் பிள்ளை இல்லை. பிள்ளையின் தாபரிப்புப் பணம் பேசப்படுகின்றது; மனம் பேசப்படுவதில்லை. ஆயின், 1989இல் நிறைவேறி, 1991இல் இலங்கை ஏற்புறுதி செய்த சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயங்களிற் கருத்துரைக்கும் உரிமையைப் பிள்ளைக்கு வழங்குகின்றது.

பிள்ளையைப் பேசவிடின் பெற்றோர்க்குரிய மரியாதை குலையாதோ எனச் சிலர் வினவுவர். இவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், கேட்டல் வேறு, தீர்ப்பைப் பிள்ளையிடம் ஒப்படைத்தல் வேறு. ஹஜ்ஜுப் பெருநாள்தோறும் நினைவுகூரப்படும் இப்ராஹீம் நபி, கனவிற் கண்ட இறைகட்டளையை மைந்தரிடம் கூறி, அவர்தம் கருத்து யாதென வினவியதாகத் திருக்குர்ஆன் உரைக்கின்றது. இறைவனின் கட்டளையேயாயினும் தந்தை மைந்தரைக் கேட்டார். அதனால் தந்தைமை குன்றவில்லை. யூசுபை இழந்த யஃகூப் நபியும் கண்கள் வெளுக்குமளவு துயருற்றார். ஆயினும் அழகிய பொறுமைக்கு அவரே சான்று. பொறுமை என்பது கண்ணீரின்மை அன்று.

கேட்கும் முறையறிதலும் அறத்தின்பாற்பட்டதே. 1996இல் மட்டக்களப்பில் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போராற் பாதிப்புற்ற தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்குக் களிமண்ணையும் வண்ணத்தையும் கதையையும் நாடகத்தையும் அளித்தது. நேர்வினாவுக்கு விடைகூறாத பிள்ளை, தான் வரைந்த வீட்டைப்பற்றிப் பேசும். மணமுறிவுற்ற குடும்பத்துப் பிள்ளைக்கும் இது பொருந்தும். "யாரை உனக்குப் பிடிக்கும்?" என்று கேட்பவர் பிள்ளையைச் சாட்சியாக்குகின்றார்; மற்றவரிடம் செய்தி சொல்லியனுப்புபவர் தூதாக்குகின்றார்; வாப்பா திரும்பி வருவாரென ஆறுதற்பொய் உரைப்பவர் பின்னொருநாள் நம்பிக்கையையே அழிக்கின்றார். பிள்ளை கோபமாய்ச் சொல்வதையும் இடைமறியாது கேட்டு, அதனை வழக்கிற்கோ வம்பிற்கோ பயன்படுத்தாதிருப்பவரே துணைவர். அவர் உம்மம்மாவாகவும் இருக்கலாம். மாமாவாகவும் ஆசிரியராகவும் இருக்கலாம்.

பிரிவதும் மறுபடி மணப்பதும் பெரியோரின் உரிமை. அவ்வுரிமையின் விலையிற் ஒரு பகுதியைப் பிள்ளை செலுத்துகின்றது. விலை கொடுப்பவர் வலியைச் சொல்ல இடமளித்தல் கருணையன்று, கடன்.