வாங்குகிறவனுக்கும் கடமை உண்டு



மறைமலை நகர்ப் பக்கம் மனை வாங்கப் போகிறவர்கள் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கிறார்கள். நல்லதுதான். வாங்குகிறவனே எச்சரிக்கையாயிருக்கக் கடவன் என்பதை வக்கீல்கள் 'காவேயாத் எம்ப்தோர்' என்று இலத்தீனில் சொல்லுவார்கள்.

எம்ப்தோர் என்றால் வாங்குகிறவன். 'எமெரே' என்ற வினையிலிருந்து பிறந்த பெயர். அவ்வினைக்கு ஆதியில் 'எடுத்துக்கொள்ளுதல்' என்றே பொருள்; விலைகொடுத்து எடுப்பது என்பது பின்னால் வந்தது. தமிழருக்கு இது புதுமையாய்த் தோன்றாது. கடையில் அரிசி வாங்குகிறோம், கோயிலில் நன்மை வாங்குகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல்தானே! நம் ஆண்டவரை 'ரெதெம்ப்தோர்' என்று அழைப்பதும் இதன் கிளைதான்: விலைகொடுத்துத் திரும்ப மீட்டவர்.

எச்சரிக்கை ஒன்றுதானா வாங்குகிறவன் கடமை? 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவைக் கேளுங்கள். சொத்திலுள்ள மறைவான குறையைச் சொல்லும்படி விற்கிறவனுக்குக் கட்டளையிடும் அதே பிரிவு, வாங்குகிறவனையும் விட்டுவிடவில்லை. ஆயுள் அனுபவம் மட்டுமே தனக்கு உண்டென்று ஒரு விதவை எண்ணி, அற்ப விலைக்கு விற்க வருகிறாள். முழுப் பாத்தியதையும் அவளுடையதே என்று உங்களுக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது சட்டத்தின் கண்ணில் மோசடி. பித்தளையென்று எண்ணி விற்கப்படும் பொன்னை அறிந்தே வாங்கினவன் ஈடுசெய்யக் கடவன் என்று அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார்.

விலை ஏறப்போகிற செய்தி மட்டும் தெரிந்திருந்தால்? கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. அது வரப்போவதை முன்னமே அறிந்து, வாய்திறவாமல் நிலம் வாங்கினவன் குற்றவாளியா? மேற்சொன்ன சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. விலை இறங்கப்போவதைத் தானிய வியாபாரி சொல்லாதிருப்பது நீதிக்கு விரோதமல்ல, சொன்னால் மேலான புண்ணியம் என்கிறார் அர்ச். தோமாஸ். என் எண்ணம் சற்றுக் கண்டிப்பானது. முகமறியாத வியாபாரியிடம் அது பொருந்தலாம். "நீங்களே பார்த்து ஒரு விலை சொல்லுங்கள்" என்று உங்களை நம்பிக் கேட்கும் அயல்வீட்டாரிடம் பொருந்தாது.

கிறிஸ்து பிறக்குமுன் வாழ்ந்த ஸ்கெவோலா என்ற உரோமன் ஒரு தோட்டத்துக்கு விலை கேட்டானாம். உடையவன் சொன்னதும், "இது அதற்குமேல் பெறும்" என்று 1,00,000 செஸ்தெர்சு நாணயம் கூட்டிக் கொடுத்தானாம். சிசெரோ இதை எழுதிவைத்திருக்கிறார். நல்லவன் செயலென்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் புத்திசாலியின் செயலல்ல என்றார்களாம். கிரயம் எழுதும் நாளில் உங்கள் வீட்டாரும் அப்படியே சொல்லக்கூடும்.