வாவிக்கரையில் ‘ஜொப்’

ஆங்கிலத்தில் ‘ஜொப்’ தொடக்கத்தில் மதிப்பான சொல்லாக இருக்கவில்லை. எடுத்து முடித்துக் காசு வாங்கிக்கொண்டு போகும் சில்லறை வேலையை அது குறித்தது. சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட அகராதி, அற்ப வேலை என்றும் இழிவான ஆதாய அலுவல் என்றும்தான் அதற்குப் பொருள் சொன்னது. நிலையான பணி என்ற பொருள் பின்னால் வந்தது. மட்டக்களப்பில் அதுவும் சுருங்கி, மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள அரசாங்க உத்தியோகமே ஜொப் ஆகிவிட்டது. “மகனுக்கு ஜொப் கிடைச்சிட்டா?” என்று கேட்பவர், அந்த மகன் விடியமுன் எழும்பி எங்கே போய்வருகிறான் என்று கேட்பதில்லை.

இந்த உத்தியோக ஆசையைப் பேராசை என்று தள்ளிவிட முடியாது. மாரி வெள்ளம் ஒரு போகத்தை முழுதாகக் கொண்டுபோகும். மட்டக்களப்பு வாவியில் மீன் படாத நாட்கள் உண்டு. யுத்த காலத்தில் வயலுக்கும் வாவிக்கும் போகும் வழிகளே பலமுறை அடைபட்டன. மாதம் பிறந்தால் வருவது சம்பளம் மட்டும்தான்.

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் குடியிருப்போர் வாவியைக் கடந்து மேற்கே படுவான்கரைக்குப் போய்ச் செய்வது வேளாண்மை. அங்கே அந்தச் சொல் நெல்லையே குறிக்கும். நிலச் சொந்தக்காரரான போடியாரின் வயலைப் பொறுப்பெடுத்த முல்லைக்காரர் போகம் முழுவதும் வயற்குடிசையான வாடியில் தங்குவார். வரம்பு கட்டுவது, தண்ணீர் பார்ப்பது, இரவில் பன்றியும் யானையும் இறங்காமல் காவல் இருப்பது, சூடடிப்பது எல்லாம் அவர் கையில். கூலி நெல்லாக அளந்து கொடுக்கப்படும். ஒரு வயலின் மேடு பள்ளத்தை அவரளவு அறிந்தவர் வேறு யாரும் இல்லை. ஆனாலும் ஜொப் என்ற சொல்லுக்குள் அவருக்கு இடமில்லை.

மீனவர் வீட்டில் “தொழிலுக்குப் போயிட்டார்” என்றால் தோணி எடுத்து ஆற்றுக்குப் போயிருக்கிறார் என்று பொருள். வாவியை ஊரார் ஆறு என்றும் சொல்வார்கள். தோணி கரைக்கு வந்த பின் வலையில் மாட்டிய மீனைக் கழற்றுவதும், இறாலைப் பெரிது சிறிதாகப் பிரிப்பதும், அறுந்த கண்ணிகளைப் பொத்துவதும் பெரும்பாலும் பெண்கள். அதற்குத் தொழில் என்ற பெயரும் கிடையாது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், கையில் வலையை வைத்துக்கொண்டே “சும்மாதான் இருக்கன்” என்று பதில் வரும். எல்லாவற்றிலும் மிகவும் வருத்தம் தரும் இடம் இதுதான்.

2017இல் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். படித்த படிப்புக்கு ஏற்ற நியமனம் கேட்பது நியாயமே. ஆனால் வயலில் நாள் முழுக்க உழைக்கும் பட்டதாரியையும் ஊர் வேலையற்றவர் என்றே எண்ணுகிறது.

பதவியும் உழைப்பும் ஒன்றல்ல என்பதற்கு இந்தக் கரையிலேயே ஒரு வாழ்க்கை உண்டு. 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர், மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். அதை விட்டு 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். துறவியாகத் திரும்பி வந்து செய்ததும் கல்விப் பணிதான். கல்லடி உப்போடை சிவானந்த வித்தியாலயம் 1929இல் அப்படித்தான் எழுந்தது. உத்தியோகமாக இருந்த கற்பித்தல் தொண்டாயிற்று. 1931இல் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானபோது அதே கற்பித்தல் மறுபடியும் உத்தியோகமாயிற்று.