நடுவர் இல்லாத ஆட்டம்

விளையாட்டை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவோர் பலர். ஆயினும் ஒருவனுடைய குணத்தை அறிய விரும்பினால், அவன் தொழில் செய்யும் முறையைவிட ஆடும் முறை நமக்கு அதிகம் கூறும். தொழிலில் சட்டம் உண்டு; மேலதிகாரி உண்டு; ஊர்வாய்க்கு அஞ்சும் அச்சமும் உண்டு. இவற்றுள் எதுவும் எட்டிப்பாராத வீட்டறையில், பணமும் பரிசும் இல்லாத ஓர் ஆட்டத்தில், நேர்மை என்பதற்குப் பொருள் உண்டா? இவ்வினாவை அமெரிக்க நாட்டு ஆட்டம் ஒன்றைக் கொண்டு ஆராய்வோம்.

ஸ்கீபால் என்பது அதன் பெயர். நியூ ஜெர்சி மாநிலத்து ஜோசஃப் ஃபோரெஸ்டியர் சிம்சன் 1908ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். நீண்ட தடத்தின் ஒரு முனையில் நின்று, உள்ளங்கையில் அடங்கும் பந்தை உருட்டிவிட வேண்டும். மறுமுனையில் உள்ள மேட்டில் ஏறித் துள்ளும் பந்து, எதிரே சாய்ந்து நிற்கும் பலகையின் வளையங்களுள் ஒன்றில் விழும். வளையங்களுக்கு 10 முதல் 50 வரை மதிப்பெண். மேல் மூலைகளில் இருக்கும் சிறு துளைகளுக்கு 100. வழக்கமாக ஓர் ஆட்டத்திற்கு ஒன்பது பந்துகள். தொடக்கத்தில் தடத்தின் நீளம் 30 அடிக்கும் மேல். தோள்வலிமை உடையோரே ஆட இயன்றது. 1928இல் அது 14 அடியாகக் குறைக்கப்பட்டபின், பெண்களும் சிறுவர்களும் ஆட வந்தனர். 1932இல் அட்லாண்டிக் சிட்டியில் பெரும் போட்டியே நடைபெற்றது.

கடற்கரைக் கேளிக்கைக் கூடத்தில் காசு போட்டு ஆடிய அந்த ஆட்டத்தை, இன்று அந்நாட்டார் விலைகொடுத்து வாங்கி வீட்டிலேயே அமைத்துக்கொள்கின்றனர். வீட்டுக்கென ஏறத்தாழ 10 அடி நீளத்தில் செய்யப்பட்டவையும் கிடைக்கின்றன. வாங்குமுன் அறையின் நீளத்தை மட்டும் அளந்தால் போதாது. ஆடுபவர் நிற்கவும் கையை வீசவும் இடம் வேண்டும். பெட்டிகள் வாயிற்கதவில் நுழையவும் வேண்டும். தடம், இலக்குப் பெட்டி, பக்கவலை, மதிப்பெண் காட்டும் மின்பலகை எனப் பகுதி பகுதியாக வரும் அதைப் பொருத்துவதற்குப் பொறுமை தேவை. தடத்தின் இரு துண்டுகள் சேரும் இடத்தில் நகக்கண் அளவு மேடு நின்றாலும் பந்து திசைமாறும். இறுதியாக, தடத்தின்மேல் ரசமட்டத்தை வைத்து, அதன் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை கால்களைத் திருகி உயர்த்தியும் தாழ்த்தியும் சரிசெய்ய வேண்டும்.

நம் வினா இங்கேதான் எழுகின்றது. முற்றிலும் சமமான வீட்டுத்தரை அரிது. தடம் இம்மியளவு இடப்புறம் சாய்ந்திருப்பதாகக் கொள்வோம். வீட்டுக்காரர் அதை அறிவார். நாள்தோறும் ஆடி, அந்தச் சாய்வுக்கு ஏற்பச் சற்று வலப்புறமாக உருட்ட அவர் கை பழகிவிட்டது. விருந்தினர் வருகின்றார், ஆடுகின்றார், தோற்கின்றார். தம் கைதான் சரியில்லை என்று எண்ணிக்கொண்டே போகின்றார். வீட்டுக்காரர் பொய் ஒன்றும் உரைக்கவில்லை. விதி எதையும் மீறவில்லை. அவர் செய்தது வஞ்சனையா?

"தன் களத்தை அறிந்தவனுக்கு அனுகூலம் இருப்பது இயல்புதானே?" என்று கேட்கலாம். மெய்தான். நெடுநாள் பயிற்சியால் வந்த திறமையை யாரும் குறைகூற மாட்டார். அது உழைத்துப் பெற்ற உரிமை. ஆனால் தம்மால் திருத்தக்கூடிய ஒரு குறையை, தமக்குப் பயன்படுகிறது என்பதற்காகவே திருத்தாமல் விட்டு வைப்பது வேறு. பயிற்சியால் வென்றவர் தம் கையால் வென்றார். குறையை மறைத்து வென்றவரோ மற்றவரின் அறியாமையால் வென்றார். வாணிகத்தில் படிக்கல்லைக் குறைத்து நிறுப்பவனை நாம் எப்பெயரால் அழைக்கிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால் போதும்.

பொதுக்கூடத்தில் இயந்திரத்தின் உரிமையாளர் ஒருவர்; ஆடுபவர் வேறொருவர்; இருவருக்கும் மேலே அரசாங்கம். நியூயார்க் நகரில் பின்பால் இயந்திரங்கள் 1942இல் தடைசெய்யப்பட்டதும், மேயர் லகார்டியா அவற்றைச் சம்மட்டியால் உடைத்துக் காட்டியதும் அறியப்பட்ட செய்திகள். அவ்வாட்டம் திறமையைச் சார்ந்ததா, அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததா என்பதே சட்டம் எழுப்பிய கேள்வி. 1976இல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகரமன்றத்தார் முன்னிலையில் ஆடிக்காட்டித் திறமையை மெய்ப்பித்தபின் அத்தடை நீங்கிற்று. வீட்டு ஆட்டத்தில் காசு இல்லை. ஆகவே சட்டமும் வாராது. உரிமையாளரும் ஆட்டக்காரரும் நடுவரும் ஒருவரே. சட்டம் கேட்ட கேள்விகளையெல்லாம் இனி அவரே தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மற்றொரு சோதனையும் உண்டு. 40 மதிப்பெண் வளையத்தையே குறிவைத்து ஒன்பது பந்துகளையும் தவறாமல் இட்டால் கிடைப்பது 360. மூலைத்துளையைக் குறிவைப்பவர் தவறவிடும் பந்து 10க்கு இறங்கும் எனக் கொண்டால், ஒன்பதில் மூன்று முறை வென்றால்தான் அவருக்கும் அதே 360 கிடைக்கும். அடக்கத்தையும் ஆசையையும் இவ்வளவு தெளிவாக எண்ணிக் காட்டும் ஆட்டங்கள் சிலவே. ஆனால் தடத்தின் ஓரமாக நடந்துசென்று 100இன் துளையில் பந்தைக் கையால் போட்டுவிட்டால்? இயந்திரம் அதையும் எண்ணிவிடும். பந்து விழுந்ததை அது அறியும். எங்கிருந்து வந்தது என்பதை அறியாது. பிள்ளைகள் இவ்வாறு செய்யும்போது நாம் சிரித்துவிட்டுப் போகின்றோம்.

எவருக்கும் நட்டமில்லாத இச்செயலில் தீங்கு யாது? மின்பலகையில் ஒளிரும் எண் ஒரு கூற்று. "இந்த எல்லையில் நின்று உருட்டி இவ்வளவு பெற்றேன்" என்று அது ஆடுபவர் சார்பில் சொல்கிறது. அக்கூற்று பொய்யானால் முதலில் ஏமாறுபவர் அவரேதான். பரிசு இல்லாத ஆட்டம் நமக்குத் தரக்கூடியது ஒன்றே: நம் கை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்ற அறிவு. அதையும் கெடுத்துக்கொண்டால் ஆடியதன் பயன் என்ன? சிறு குழந்தைக்கு எல்லையைச் சற்று முன்னே தள்ளி வைப்பது இதனோடு சேராது. எல்லாரும் அறிய, எல்லாரும் இசைந்து அளிக்கும் சலுகை அது. ஒளிவு இல்லாத இடத்தில் வஞ்சனை இல்லை.

ஆட்டத்தின் கருவியை விலைக்கு வாங்கலாம். ஆட்டம் என்பது ஆடுவோர் தமக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கை. அது பெட்டிகளோடு வந்து இறங்குவதில்லை. பொதுக்கூடத்தில் அவ்வுடன்படிக்கையைப் பலர் சேர்ந்து காத்தனர். வீட்டில் அந்தப் பொறுப்பு வீட்டுக்காரரை மட்டுமே சேர்ந்தது. மாலையில் விருந்தினர் வரவிருக்க, அவர் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு தடத்தருகே மண்டியிட்டுக் கால்களைத் திருகினால், அந்த விருந்தினர் அதை ஒருபோதும் அறியமாட்டார். நன்றி கூறவும் மாட்டார். வீட்டுக்காரர் ஒருவேளை அன்று தோற்றும் போகலாம். அப்படித் தோற்க மனம் ஒப்புபவரிடம் பெரிய காரியங்களையும் நம்பி ஒப்படைக்கலாம்.