பயனுள்ள தகவல் எது?

2024 செப்டெம்பர் 21 ஆம் திகதி நடைபெற்ற சனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்னர் என் அம்மம்மா ஒரு வினாவைத் தொடுத்தார்: "மூண்டு பேருக்குப் போடலாம் எண்டு சொல்லுகினம். மூண்டு பேருக்கும் புள்ளடியோ போடுறது?" வாரக்கணக்காக இணையத்திலே தேர்தற் செய்திகளைத் தேடிப் படித்து வந்த எனக்கு விடை கூறத் தெரியவில்லை. எவர் எவரோடு கூட்டுச் சேர்ந்தார், எவர் எவரை ஏசினார் என்பனவெல்லாம் அறிந்திருந்தேன். தேர்தல்கள் ஆணைக்குழுவின் தளத்தில் விடை கிடைத்தது. விரும்பும் ஒருவருக்கு 1 என்றும், அடுத்த விருப்பங்களுக்கு 2, 3 என்றும் இலக்கமிடலாம். ஒருவருக்கு மேற்பட்டோருக்குப் புள்ளடியிட்டால் வாக்கு நிராகரிக்கப்படும்.

தகவல் எட்டாத காலத்தில் அறியாமை ஒரு துர்ப்பாக்கியம். அது கையெட்டும் தூரத்தில் இருக்கையிலும் அறியாதிருப்பது குற்றமாகுமா என்பதே இங்கு எழும் வினா. நான் தேடாதவன் அல்லன். தேடினேன், ஆயின் எனக்குச் சுவையானதையே தேடினேன். தேடுபொறி கேட்டதைத் தருமேயன்றி, கேட்டிருக்க வேண்டியதைத் தராது. ஒரு வேட்பாளரின் ஊழலைத் தேடுபவனுக்கு ஊழலும், சாதனையைத் தேடுபவனுக்குச் சாதனையும் வந்து குவியும்.

உரை என்னும் அளவையைப் பற்றிப் பேசிய நம் பழைய அளவையியலார், சொல்பவன் பொருளை உள்ளவாறு அறிந்தவனா, வஞ்சியாது உரைப்பவனா என இரண்டையும் நோக்கினர். இணையத்திலே இவ்விரண்டாவது வினாவே பெரிது. ஆணைக்குழுவின் பக்கம் சுவையற்றிருந்தமைக்குக் காரணம், அது என்னிடம் எதையும் வேண்டி நிற்கவில்லை என்பதே. பரபரப்பான காணொளியோ என் வாக்கை வேண்டியது. குறைந்த பட்சம் என் நேரத்தையாவது வேண்டியது.

அத்தேர்தலில் 38 பேர் போட்டியிட்டனர். எவரும் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறாமையால், 1982 முதல் நடந்த சனாதிபதித் தேர்தல்களில் முதன்முறையாக விருப்புத் தெரிவுகள் எண்ணப்பட்டன. முதலிருவரும் அல்லாத ஏனையோர் பெற்ற வாக்குகள் 33 இலட்சத்துக்கும் அதிகம். அவற்றிலிருந்து அவ்விருவருக்கும் சேர்ந்தவை ஏறத்தாழ 2 இலட்சத்து 73 ஆயிரமே. இதனை முற்றாக அறியாமையின் கணக்கில் எழுதுதல் நேர்மையாகாது. இருவரையும் வேண்டாதோர் பலர். வேறொருவருக்கே அடுத்த விருப்பைக் கொடுத்தோரும் உளர். ஆயினும் இலக்கமிடலாம் என்பதையே அறியாதோரும் அத்தொகையுள் இருந்திருப்பர் என்றே எண்ணுகிறேன். நிராகரிக்கப்பட்ட வாக்குகளோ மூன்று இலட்சம்.

என் தீர்மானத்தை மாற்றக்கூடிய தகவலே எனக்குப் பயனுள்ளது. ஏற்கெனவே கொண்ட முடிவைத் தடவிக் கொடுப்பது வெறும் ஆறுதல். தன்னைப் பற்றி மட்டும் முடிவெடுப்பவன் அவ்வாறுதலோடு நின்றுவிடலாம். நிறைவேற்று அதிகாரமுடைய சனாதிபதியோ அவருக்கு வாக்களியாதவரையும் ஆள்பவர். ஆகையால் என் அறியாமையின் விலையை இன்னொருவரும் செலுத்த நேர்கிறது.

வாக்களித்துத் திரும்புகையில் அம்மம்மா கேட்டார்: "நீ மூண்டும் போட்டனியோ?" இல்லை என்றேன். மற்றைய முப்பத்தேழு பேரிலும் ஒருவருக்கு 2 என இடுமளவிற்கு எவரையும் நான் அறிந்திருக்கவில்லை.